இரண்டடி நான்கு அங்குலம்

பையை நடுவில் வைக்காதீர்கள், தம்பி. சீட்டுக்கு அடியில் தள்ளுங்கள். ஆங், இப்போது காலை நீட்டலாம். இந்தப் பொட்டலம் மட்டும் என் மடியிலேயே இருக்கட்டும். மடங்கிவிடக் கூடாது. இருநூறு பக்கம், கெட்டி அட்டை, முதுகில் சிவப்புத் துணி ஒட்டிய நோட்டு. டவுனில் மூன்று கடை ஏறி இறங்கி வாங்கியிருக்கிறேன். எதற்கு என்று கேட்கிறீர்களா? கேட்கவில்லையா? பரவாயில்லை, சொல்கிறேன். இந்த பஸ் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டு என் ஊர் வர இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும்.

என் பெயர் பொன்னுரங்கம். பத்திர எழுத்தர். சார்பதிவாளர் அலுவலக வாசலில் நாற்பத்தோரு வருடம் மேசை போட்டு உட்கார்ந்தவன். நான் எழுதிய பத்திரத்தின் மேல் ஒரு வழக்குக்கூட வந்ததில்லை. ஒன்று வந்தது. அதிலும் தோற்றவன் படிக்காமல் கையெழுத்துப் போட்டவன். அதை என் தலையில் கட்டக் கூடாது.

எதற்குச் சொல்கிறேன் என்றால், எனக்கு எழுதத் தெரியும். அதை முதலில் மனசில் வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் இப்போது ஒரு கதை கட்டிவிட்டிருக்கிறார்கள். கட்டியது தையல்காரர் காசிம் பாய். நடந்ததை நான் வரிசையாகச் சொல்கிறேன். நீங்கள் வெளியாள். நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

எங்கள் ஊர் மேல்சிறுவள்ளூர். பால் சொசைட்டிக்குப் பின்னால் கிளை நூலகம். ஒரே நீளக் கூடம், மேலே சிமென்ட் ஷீட். அதன் வாசகர் வட்டத்துக்கு நான் தலைவர், காசிம் பாய் செயலாளர். காலை எட்டு மணிக்குக் கதவு திறக்கும்போது நான் வாசலில் நிற்பேன். பேப்பரை முதல் எழுத்திலிருந்து கடைசிப் பக்கத்தின் அடியில் அச்சிட்டவர் பெயர் வரைக்கும் படிப்பேன். புத்தகமா? புத்தகம் எடுத்ததில்லை. தலைவரே எடுத்துக்கொண்டு போய்விட்டால் மற்றவர்களுக்கு என்ன மிஞ்சும்?

நூலகர் பெயர் ஜெயசீலி. நல்ல பெண். குறை சொல்லக் கூடாது. ஆனால் குறை கண்ணில் பட்டால் எழுதாமல் விடவும் கூடாது. வாசல் பக்கம் ஆணியில் ஒரு நோட்டு தொங்கும், கயிற்றில் கட்டிய பேனாவோடு. வாசகர் கருத்துப் பதிவேடு. எல்லா நூலகத்திலும் ஒன்று தொங்கும், எவரும் எழுத மாட்டார்கள். எங்கள் நூலகத்தில்தான் அது நிரம்பியது. ஆறு வருடத்தில் நூற்றுப் பதினேழு பதிவு. நூற்றுப் பதினாறு என்னுடையது. மிச்சம் ஒன்று காசிம் பாய் எழுதியது: "பேனாவைப் பொன்னுரங்கத்துக்கு எட்டாத உயரத்தில் கட்டவும்."

நான் சும்மா 'கூரை ஒழுகுகிறது' என்று எழுதிவிட்டுப் போகிறவன் இல்லை. எங்கே ஒழுகுகிறது, எப்போது ஒழுகுகிறது, யார் மேல் ஒழுகுகிறது? எல்லை வேண்டும், தேதி வேண்டும். பதிவு முப்பத்தெட்டு எனக்கு மனப்பாடம். "வாசலிலிருந்து மூன்றாவது பெஞ்சு, மேற்குச் சுவரிலிருந்து இரண்டடி நான்கு அங்குலம். மேற்படி இடத்தில் உட்காரும் வாசகரின் இடது தோளில், மழை நின்ற பிறகும் நிமிடத்துக்கு ஒரு சொட்டு வீதம் தண்ணீர் விழுந்து வருகிறது." காசிம் பாயின் டேப்பை வாங்கி அளந்தே எழுதினேன். அந்த இடத்தில் நான்தான் உட்காருவேன். வேறு யாரும் உட்கார மாட்டார்கள். பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டுமே.

இன்னும் கேளுங்கள். சொட்டுக்கு அடியில் ஜெயசீலி ஒரு வாளி வைத்தாள். டொக், டொக் என்று சத்தம். வாசிப்புக்கு இடையூறு என்று எழுதினேன். மறுநாள் வாளிக்குள் பழைய துணி கிடந்தது. இன்னொரு நாள், "நூலகர் தம்முடைய சொந்தச் சேலையால் குழந்தைகள் புத்தக அலமாரியைப் போர்த்தியிருக்கிறார். பொது அலமாரிக்குச் சேலை போர்த்துவது ஒழுங்கல்ல." இன்னொன்று, "நூலகர் காலை எட்டு மணிக்கு மேசையில் இல்லை. விசாரித்ததில் ஏணி மேல் நின்று கூரைக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தது தெரிய வந்தது. வேலை நேரத்தில் நூலகர் தரையில் இருக்க வேண்டும்." எல்லாம் எழுத்தில் இருக்கிறது. படித்துவிட்டு அவள் சிரித்துக்கொண்டே, "சரிங்கய்யா" என்பாள். கோபமே வராது. அது ஒரு குறைதான். ஆனால் அதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

போன ஆடி மாதம் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. இந்தக் கூரைக்கு அடியில் புத்தகம் வைக்க முடியாது. பழுது பார்க்க இந்த வருடம் வழியில்லை. ஊரில் யாராவது செய்து தந்தால் நல்லது. இல்லாவிட்டால் கார்த்திகை பிறந்ததும் லாரி வரும், புத்தகங்கள் டவுன் நூலகத்தோடு சேரும். டவுன் ஒன்பது கிலோமீட்டர். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் இருபது, இருபத்தைந்து பிள்ளைகள் எங்கள் கூடத்துக்கு ஓடி வருவார்கள். அதில் எது ஒன்பது கிலோமீட்டர் போகும்? எனக்கென்ன, வீட்டுக்குப் பேப்பர் போடச் சொல்லிப் படித்துக்கொள்வேன். மனைவி போன பிறகு வீட்டில் ஒரு சத்தமும் கிடையாது. பேப்பர் படிக்க அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனாலும் போடச் சொல்லவில்லை. அது வேறு விஷயம்.

நிதிக்காக ஜெயசீலி அலைந்தாள். ரைஸ் மில் முதலாளியைப் பார்த்தாள். வெளிநாட்டில் இருக்கிற ஊர்க்காரர்களுக்குப் போன் போட்டாள். கிடைத்தது ஒரு சுவர்க்கடிகாரம். ரைஸ் மில் பெயர் அதில் எவ்வளவு பெரிது என்றால், முள் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும்.

கடைசியில் கண்டுபிடித்தது நான்தான். பேப்பரில் பதினோராம் பக்கத்தில், வரன் விளம்பரத்துக்கு அடியில், தீப்பெட்டி அளவுக்கு ஒரு அறிவிப்பு. சென்னையில் மரகதம் நினைவு அறக்கட்டளை என்று ஒன்று, கிராமத்து நூலகங்களுக்கு நிதி தருகிறார்களாம், விண்ணப்பிக்கலாமாம். அச்சிட்டவர் பெயர் வரைக்கும் படிக்கிறவன் என்பதால் என் கண்ணில் பட்டது. ஒரே வருத்தம், அந்த அறிவிப்பைச் சுற்றி யாரோ பென்சிலால் வட்டம் போட்டிருந்தார்கள். பக்கத்தில் அம்புக்குறி வேறு. பேப்பர் பொதுச் சொத்து அல்லவா? பதிவு நூற்றுப் பன்னிரண்டு. ஜெயசீலியைக் கூப்பிட்டு இரண்டையும் காட்டினேன், அறிவிப்பையும் வட்டத்தையும்.

"அட, ஆமாங்கய்யா! உங்க கண்ணுக்கு மட்டும் எப்படிங்கய்யா தெரியுது?" என்றாள். "வட்டம் போட்டது யாருன்னு நான் விசாரிக்கிறேன்."

இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை. விசாரணையில் அவள் கொஞ்சம் மெத்தனம்.

விண்ணப்பப் படிவம் ஆறு பக்கம் வந்தது. "நானே எழுதிப் பாக்கட்டுங்களாய்யா?" என்று மெதுவாகக் கேட்டாள். "நாற்பத்தோரு வருடம்" என்றேன். கொடுத்துவிட்டாள்.

மூன்று நாள் எழுதினேன். படிவத்தில் இடம் போதாமல் தனித்தாள் சேர்த்துப் பதினோரு பக்கம். நூலகம் அமைந்துள்ள இடம் எது என்பது முதல் கேள்வி. "பால் சொசைட்டிக் கட்டடத்துக்கு மேற்கு, கோயில் காலி மனைக்குக் கிழக்கு, வரதன் வீட்டுக்கு வடக்கு, பொதுப் பாதைக்குத் தெற்கு, இந்த நான்கெல்லைக்கு உட்பட்ட கூடம்." எவனாலும் அசைக்க முடியாது. கட்டடத்தின் தற்போதைய நிலை என்ன என்பது அடுத்த கேள்வி. "மேற்படி கூடம் சகல விதத்திலும் நல்ல நிலையில், எவ்விதக் குறையும் வில்லங்கமும் இன்றி, வாசகர்களின் சர்வ சுதந்திர அனுபவத்தில் இருந்து வருகிறது."

ஜெயசீலி படித்துவிட்டு நகத்தைக் கடித்தாள். "ஐயா, மழை பெஞ்சா உள்ள தண்ணி வருதுங்களே. அத எழுதலீங்களே?"

"அம்மா, நீ ஒரு வீட்டை விற்கும்போது கூரை ஒழுகுகிறது என்று பத்திரத்தில் எழுதுவாயா?"

"நாம விக்கலீங்களேய்யா."

"எல்லாம் ஒன்றுதான். குறையைச் சொன்னால் எவன் கையெழுத்துப் போடுவான்? சொத்து சுத்தமாக இருந்தால்தான் மனுஷன் கிட்டவே வருவான்."

கடைசிப் பக்கம் முழுக்கக் காலி. மேலே ஒரே வரி: 'உங்கள் வாசகர்கள் தங்கள் சொந்தச் சொற்களில் எழுதலாம், வரையலாம்.' பத்திரத்தில் காலி இடம் விடலாமா? நாளைக்கு எவனாவது எதையாவது நுழைத்துவிடுவான். ஸ்கேல் வைத்து மேல் மூலையிலிருந்து கீழ் மூலை வரைக்கும் கோடு போட்டு அடித்துவிட்டு, அடியில் கையொப்பம் வைத்தேன். அந்த நேரத்தில் பிள்ளைகள் நாலைந்து பேர் கலர் பென்சிலோடு என்னைச் சுற்றி நின்றார்கள். ஏன் நின்றார்களோ! ஜெயசீலி அவர்களை வெளியே அழைத்துக்கொண்டு போனாள்.

சாட்சிக் கையெழுத்துப் போட வந்த காசிம் பாய், கடைக்குத் திரும்புகிற அவசரத்தில் படிக்காமலே பேனாவை எடுத்தார். விடுவேனா? கண்ணால் பார்க்காதவன் என் பத்திரத்தில் சாட்சி போட முடியாது. உட்கார வைத்துப் பதினோரு பக்கத்தையும் வாசித்துக் காட்டினேன்.

"ஏம்ப்பா பொன்னுரங்கம், இதக் கேட்டா லைப்ரரிய அவங்களுக்கு வித்துட்டாப்பல இல்ல இருக்கு? நாளைக்கு வந்து பூட்டு போட்டுட்டுப் போயிடப் போறாங்க" என்றார்.

"ஜாக்கெட்டுக்குக் கை வைக்கிற ஆளுக்கு வாசகம் எப்படிப் புரியும்?"

"நான் வெச்ச கை பொருந்தும்பா. உன்னுது பொருந்துதான்னு பாக்கலாம்."

புரட்டாசியில் பதில் வந்தது. சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன், இதோ பாருங்கள். "தங்கள் விண்ணப்பத்தை மிகுந்த வியப்புடன் படித்தோம்." வியப்புடன்! "தங்கள் நூலகம் எவ்விதக் குறையுமின்றி நல்ல நிலையில் இருப்பதை அறிந்து மகிழ்கிறோம்." எழுத்தின் அருமை தெரிந்த யாரோ அங்கே இருக்கிறார். அதற்குக் கீழேதான் கொஞ்சம் சறுக்கிவிட்டார்கள். "குறைகள் உள்ள நூலகங்களுக்கே இந்த நிதி என்பதால் தங்களுக்கு வழங்க இயலவில்லை. விவரங்களில் மாற்றம் இருப்பின் இம்மாத இறுதிக்குள் மீண்டும் எழுதலாம்."

ஜெயசீலி இரண்டு தடவை படித்தாள். மடித்து என் கையிலேயே கொடுத்தாள். "ஐயா, ஒழுகுறத மட்டும் சேத்துத் திருத்தித் தரீங்களா?" என்றாள்.

"என் பத்திரத்துக்குத் திருத்தல் பத்திரம் என்று ஒன்று இதுவரைக்கும் பதிவானதில்லை, அம்மா."

"அப்ப கார்த்திகை ஒண்ணாம் தேதி நீயே ரோட்டுல நின்னு லாரிக்கு வழி காட்டு" என்றார் காசிம் பாய்.

எழுந்து வந்துவிட்டேன். ஒன்பது நாள் அந்தப் பக்கம் போகவில்லை. டீக்கடையில் பேப்பர் படித்தேன். அது பேப்பரா? ஒரு பக்கத்தை ஒருவன் வைத்திருப்பான், இன்னொரு பக்கத்தில் பஜ்ஜி இருக்கும். அச்சிட்டவர் பெயர் இருக்கிற மூலையைக் கிழித்துக் காது குடைந்துவிட்டார்கள். கருத்துப் பதிவேடு இருக்கிறதா என்று கேட்டேன். சிரித்தார்கள்.

பத்தாம் நாள், சும்மா அந்த வழியாகப் போனவன் உள்ளே எட்டிப் பார்த்தேன். பாதி அலமாரி காலி. புத்தகங்களை மூட்டை கட்டி, வாயைத் தைத்துச் சுவரோரம் அடுக்கியிருந்தார்கள். சாக்கைத் தைத்தது காசிம் பாயின் தையல், பார்த்தாலே தெரியும். வாசல் ஆணியில் பதிவேட்டையும் காணோம்.

"ஜெராக்ஸ் கடைக்குப் போயிருக்குங்கய்யா" என்றாள் ஜெயசீலி.

"எதற்கு?"

"சும்மாதாங்கய்யா."

பதிவேடு காணவில்லை என்று எழுத வேண்டும். எழுதப் பதிவேடு இல்லை. எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்கள்! தனித்தாள் ஒன்றில் எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தாள். "இதையும் சேத்துடறேங்கய்யா" என்றாள். எதோடு சேர்க்கிறாள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

ஐப்பசி கடைசி வாரம். விடிகிற வரைக்கும் பெய்து ஓய்ந்திருந்த மழை. காலை பத்து மணி இருக்கும். பேப்பரில் ஆறாம் பக்கத்தில் இருந்தேன். ஆட்டோவில் ஒரு பெண் வந்து இறங்கினாள். முப்பது வயதிருக்கும், கண்ணாடி, கையில் ஃபைல்.

"நான் வைதேகி. இங்க பொன்னுரங்கம்ங்கறது யாருங்க?"

ஃபைலைத் திறந்தாள். உள்ளே என் கையெழுத்து. பக்கம் பக்கமாக என் கையெழுத்து. ஜெராக்ஸ்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இது விசாரணை. சேலை போர்த்தியது, எட்டு மணிக்கு மேசையில் இல்லாதது, வாளி வைத்தது, எல்லாம் எழுத்தில் இருக்கிறது. மேலிடத்துக்குப் போய்விட்டது. ஜெயசீலியிடம் விளக்கம் கேட்பார்கள், தூக்கி எங்கேயாவது மலையடிவாரத்துக்குப் போடுவார்கள். ஆறு வருடம் நான் உட்கார்ந்து எழுதியது இதற்கா?

"இதெல்லாம் நீங்க எழுதினதுதானே சார்?"

"கையெழுத்து என்னுடையது. விஷயம் பொய்" என்றேன்.

நாற்பத்தோரு வருடத்தில் என் கையெழுத்துக்கு மேலே இருப்பதைப் பொய் என்று நான் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னேன். "கூரை ஒழுகவில்லை. வாளி கிடையாது. சேலை கிடையாது. இவளைப் போல ஒரு நூலகர் இந்த ஜில்லாவிலேயே கிடையாது. நான் வயசானவன், பொழுது போகாமல் கிறுக்கியது. கோடு போட்டு அடித்துவிடுங்கள்."

பின்னால் ஜெயசீலி, "ஐயா... ஐயா..." என்றாள். முகம் வெளுத்துவிட்டது. இரண்டு கையையும் ஆட்டினாள். காசிம் பாய், "யா அல்லா!" என்று தலையில் கை வைத்துக்கொண்டு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். எனக்காக நெகிழ்ந்துபோனார்கள் என்று நினைத்தேன்.

"அப்ப ஒழுகவே இல்லையா?"

"ஒரு சொட்டுகூட இல்லை."

"ட்ரஸ்ட்ல இத நம்பி என்னை மெட்ராஸ்லேருந்து அனுப்பியிருக்காங்க" என்று அந்தப் பெண் பெருமூச்சு விட்டாள். ட்ரஸ்ட் என்றதும்தான் எனக்கு ஏதோ இடித்தது. அதற்குள் அவள், "சரி, ரெண்டு வரி எழுதிட்டுக் கிளம்பறேன்" என்று உட்கார இடம் தேடினாள். எங்கே போனாள் என்கிறீர்கள்? நேராக மூன்றாவது பெஞ்சுக்கு.

"அம்மா, அங்கே வேண்டாம். முன் பெஞ்சில் உட்காருங்கள்."

"ஏன் சார்?"

ஏன் என்று சொல்ல முடியுமா? "அது... என் இடம்" என்றேன்.

"ஒரு நிமிஷம்தான் சார்."

ஒரு நிமிடம்தானே பிரச்சினையே! அவள் பேனாவைத் திறந்தாள். நான் மேலே பார்த்தேன். ஜெயசீலி மேலே பார்த்தாள். காசிம் பாய் மேலே பார்த்தார்.

விழுந்தது. இடது தோள்.

அந்தப் பெண் தோளைப் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மெதுவாக ஃபைலைத் திறந்து பக்கங்களைப் புரட்டி முப்பத்தெட்டாம் பதிவில் நின்றாள். "இங்க டேப் இருக்குங்களா?"

பாய் கழுத்தில்தான் எப்போதும் தொங்குமே. ஓடிவந்து சுவரிலிருந்து பிடித்தார். "ரெண்டடி நாலு அங்குலம்!" என்று அவர் கத்திய கத்து பால் சொசைட்டி வரைக்கும் கேட்டது. அதற்குள் இரண்டாவது சொட்டு ஃபைல் மேல் விழுந்தது.

"ஒரு அங்குலம்கூடத் தப்பல சார்" என்றாள்.

அப்புறம் ஒவ்வொரு பதிவாக வாய்விட்டு வாசித்துக்கொண்டு கூடம் முழுக்க நடந்தாள். வாளி இருந்தது, உள்ளே துணியோடு. அலமாரியில் சேலை இருந்தது. "இது உங்க சொந்தச் சேலையா மேடம்?" என்று கேட்டாள். ஜெயசீலி அதன் ஓரத்தை இழுத்துச் சரி செய்தாள். ஏணிப் பதிவை வாசிக்கும்போது அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். தூசியாக இருக்கும். தூசியைப் பற்றியும் எழுதியிருக்கிறேன், பதிவு எண்பத்தொன்பது. கடைசியாக என் தனித்தாளை எடுத்தாள், 'பதிவேடு காணவில்லை' என்று கொடுத்தேனே, அதை. அதையும் நகல் எடுத்து அனுப்பியிருக்கிறாள் இந்த ஜெயசீலி! படித்துவிட்டு அந்தப் பெண் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, வாசகர்களுக்கு இடையூறு.

போகும்போது கேட்டாள்: "சார், இவ்வளவு தெளிவா எழுதறீங்க. முதல்ல பதினோரு பக்கத்துக்கு ஒண்ணு வந்துச்சாமே, நான் பாக்கல, அதப் படிச்சுட்டு எங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கும் ஒண்ணும் புரியலயாம். அத யாரு எழுதினது? நீங்களே எழுதியிருக்கக் கூடாதா?"

நான் பேப்பரைப் பார்த்தேன். காசிம் பாய் தொண்டையைச் செருமினார். "அவரு வேற ஆளும்மா. இப்ப ஊருலயே இல்ல."

கார்த்திகை பிறந்தது. லாரி வரவில்லை. நிதி வந்தது. தை மாதத்துக்குள் கூரையைப் பிரித்துப் புதிதாகப் போட்டார்கள். மூட்டைகளைப் பிரித்துப் பிள்ளைகள்தான் அலமாரியில் அடுக்கினார்கள். தலைகீழாகப் பதினாறு புத்தகம்.

இப்போது சொல்லுங்கள். "பொன்னுரங்கம் எழுதினதுக்குக் கெடைக்கல, பொலம்பினதுக்குக் கெடைச்சுது" என்று பாய் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். நியாயமா இது? மூன்று நாள் உட்கார்ந்து செதுக்கிய பதினோரு பக்கம் எங்கே கிடக்கிறதோ! கோபத்தில் நின்றுகொண்டே எழுதிய முப்பத்தெட்டாம் பதிவைப் பெரிதாக்கிக் கண்ணாடிச் சட்டம் போட்டு வாசலில் மாட்டியிருக்கிறார்கள். பார்க்கிறவன் என் நடையைப் பற்றி என்ன நினைப்பான்?

சரி, நோட்டுக்கு வருகிறேன். பழைய பதிவேடு தீர்ந்துவிட்டது. புதிது ஒன்று மாட்டச் சொன்னேன். "இனிமே எழுத என்னங்கய்யா இருக்கு?" என்று ஜெயசீலி சிரிக்கிறாள். என்ன இருக்கிறதா? மூன்றாவது பெஞ்சு இப்போது ஒழுகவில்லை. ஒழுகாததால் எல்லோரும் அங்கே உட்காருகிறார்கள். நேற்று ஞாயிற்றுக்கிழமை, எட்டு மணிக்கே ஒரு சின்னப் பெண் சரியாக இரண்டடி நான்கு அங்குலத்தில் உட்கார்ந்துகொண்டு, "தாத்தா, இது உங்க எடமா?" என்று கேட்கிறது. இல்லை என்று சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்வது? அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல். அதில் உட்கார்ந்து பேப்பரை முடித்தேன். தலைகீழாக ஒரு புத்தகம் கண்ணில் பட்டது. நேராக வைக்கலாம் என்றுதான் எடுத்தேன். முதல் பக்கத்தில் ஒருவன் படகில் ஏறுகிறான். ஏறியவன் எங்கே போகிறான் என்று பார்த்துவிட்டு வைத்துவிடலாம் என்றிருந்தேன்.

நிமிர்ந்தபோது மணி இரண்டு. ஞாயிற்றுக்கிழமை நூலகம் மூடுவது பன்னிரண்டுக்கு. கூடத்தில் ஒருவரும் இல்லை. ஜெயசீலி மட்டும் மேசையில் சத்தம் போடாமல் ஒரு கிழிந்த புத்தகத்துக்கு அட்டை ஒட்டிக்கொண்டிருக்கிறாள். பழைய கூரையாக இருந்தால் ஒரு சொட்டாவது விழுந்து எழுப்பியிருக்கும். கடிகாரத்தில் ரைஸ் மில்தான் தெரிகிறது. பகல் சாப்பாடு போயிற்று. இதை எழுதாமல் விடுவதா?

வாசகம் தயார், கேளுங்கள். "நாளது தேதியில் நூலகர் மூடும் நேரம் கடந்தும் இரண்டு மணி நேரம் நூலகத்தை மூடவில்லை. ஒரு வாசகர் படித்துக்கொண்டிருந்ததே இதற்குக் காரணம் என்று தெரிய வருகிறது. மேற்படி வாசகர் படகுக்காரன் கரை சேரும் முன்பே எழுந்திருக்க நேர்ந்தது. மேற்படி புத்தகத்தை வேறு எவரிடமும் கொடுக்காமல் வைத்திருக்கவும்." எப்படி? எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும்.

காசிம் பாய் இதற்குச் சாட்சி போட மாட்டாராம். "நீ உறுப்பினர் அட்டை வாங்கு, அப்புறம் போடறேன்" என்கிறார். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். உங்கள் பெயர் என்ன? தகப்பனார் பெயர்? இருங்கள், இருங்கள், இப்போது கையெழுத்து வேண்டாம். பார்க்காமல் சாட்சி போடக் கூடாது, சொன்னேனே.

அதோ பால் சொசைட்டி. எழுந்திருங்கள். என்ன, இன்னும் நாலு ஸ்டாப் தள்ளிப் போக வேண்டுமா? அடுத்த பஸ் நாற்பது நிமிடத்தில் வரும். உட்கார ஸ்டூல் இருக்கிறது. கண்டக்டர், ஹோல்டான்! ரெண்டு பேர் இறங்கணும்! அந்தப் பையை எடுத்துக்கொள்ளுங்கள், தம்பி. நோட்டு என்னிடம் இருக்கிறது.